நரகத்தில் ஒரு சிறுநீரகம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் குறைபட்டுக்கொள்ள வேண்டாம். பதினாறு வருடமாக டயாலிசிஸ் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். காலை ஆறு மணிக்கு வந்து நிற்கிற ஆட்களை எடை மெஷினில் ஏற்றி, "முந்தாநாள் போனதுக்கு இன்னிக்கு மூணு கிலோ கூட வந்திருக்கீங்களே, தண்ணி குடிச்சீங்களா, இல்ல குளத்துலயே குடியிருந்தீங்களா?" என்று கேட்பதுதான் என் முதல் வேலை. சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்குக் குடிக்கிற தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கிவிடும். ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் அனுமதி. ஒருத்தராவது ஒழுங்காகக் கேட்க வேண்டுமே! "ரெண்டு மடக்குதான் சிஸ்டர்" என்று கூசாமல் பொய் சொல்வார்கள்.

திங்கள், புதன், வெள்ளி முதல் ஷிஃப்டில் மூலையறை நாற்காலிகள் மூன்றும் மூன்று பேருக்குச் சொந்தம். ஜன்னலோரம் டிரைவர். முப்பது வருடம் டவுன் பஸ் ஓட்டியவர், கிறிஸ்தவர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். நடுவில் டெய்லர். பள்ளிவாசல் தெருவில் கடை. ஆளைப் பார்த்தாலே அளவு தெரிந்துவிடும் என்று பீற்றிக்கொள்வார், ஆனால் எனக்குத் தைத்துக் கொடுத்த ரவிக்கையில் இன்னொரு ஆள் நுழையலாம். கதவோரம் வாத்தியார். கணக்குப் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர், விடிகாலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்துதான் ஊசிக்குக் கையை நீட்டுவார்.

கையில் இரண்டு ஊசி, ஒரு குழாயில் ரத்தம் வெளியே போகும், மெஷினில் சுத்தமாகி இன்னொரு குழாயில் திரும்பி வரும். நான்கு மணி நேரம் எழுந்திருக்க முடியாது. வேறென்ன செய்வார்கள்? வாய் ஓயாமல் பேசுவார்கள். நான் அதட்டினால் இரண்டு நிமிடம் அடங்கும், பிறகு மறுபடி ஆரம்பிக்கும்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. பெரிய டாக்டரம்மா வந்து டிரைவரின் ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

"இன்னும் கையெழுத்துப் போடலையா? உங்க மனைவியோட கிட்னி உங்களுக்கு அப்படியே பொருந்துது. இது எத்தனை பேருக்குக் கிடைக்கும்? வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான் ஆபரேஷன் தேதியை நான் பிடிச்சு வைக்க முடியும். அதுக்கப்புறம் வேற ஆளுக்குப் போயிடும். மறுபடி உங்க முறை வர ஏழெட்டு மாசம் ஆகும். உங்க இதயம் அவ்வளவு நாள் தாங்குமான்னு எனக்குத் தெரியல. உள்ளதைச் சொல்றேன்."

"வேணாம் டாக்டர். எனக்கு மெஷினே போதும்" என்றார் டிரைவர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

டாக்டர் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "என்ன டிரைவரே, மண்டையில ஏதாவது இருக்கா இல்லையா? அந்தம்மா எல்லா டெஸ்டும் எடுத்து, வேலைக்கு லீவு சொல்லிட்டு, தர்றேன் தர்றேன்னு நிக்கிறாங்க. உங்களுக்கு வாங்கிக்கிறதுக்கு வலிக்குதா?"

"நான் காரணத்தைச் சொன்னா சிரிப்பீங்க."

"சிரிக்க மாட்டேன். சொல்லுங்க."

"சத்தியமா?"

"எனக்கு வேற வேலை இருக்கு. சொல்றீங்களா, ரெண்டு ஊசியையும் இன்னொரு தரம் குத்தட்டுமா?"

டிரைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் செத்தா நரகத்துக்குத்தான் போவேன். அது நிச்சயம். அவ மோட்சத்துக்குப் போவா. அதுவும் நிச்சயம். அப்போ என் வயித்துக்குள்ள இருக்கிற அவளோட கிட்னி எங்க போகும்?"

நான் சிரித்துவிட்டேன். என்ன செய்வது, வந்துவிட்டது. டெய்லர் சிரித்த சிரிப்பில் அவர் மெஷின் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது.

"இதுக்குத்தான் சொல்லல" என்றார் டிரைவர். "கடைசி நாள்ல எல்லாரையும் உடம்போட எழுப்புவாங்கன்னு எங்களுக்குச் சொல்லிக்குடுத்திருக்கு. என் உடம்போட அதுவும் எழும்பும். என்னைத் தூக்கி நெருப்புல போட்டா அதுவும் சேர்ந்து வேகும். எங்க நரகம் முடியவே முடியாதது சிஸ்டர். அவ மேல இருப்பா, அவளோட ஒரு துண்டு மட்டும் காலாகாலத்துக்கும் கீழ கிடந்து வெந்துகிட்டிருக்கும். அவளுக்கு அங்க வலிக்காதா?"

அவர் விளையாடவில்லை. மூன்று வாரமாக இந்த மனுஷன் இதைத்தான் மனதில் போட்டு உழப்பிக்கொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்குச் சிரித்ததற்கு வெட்கமாகப் போய்விட்டது.

"நரகத்துக்குப் போற அளவுக்கு அப்படி என்னய்யா பண்ணினீங்க?" என்று டெய்லர் கேட்டார்.

"பஸ்ஸை நிறுத்தல."

"என்னது?"

"ஓடி வருவாங்க டெய்லரே. கையைக் காட்டிக்கிட்டு, பையைத் தூக்கிக்கிட்டு, செருப்பு ஒண்ணு கழண்டு விழ ஓடி வருவாங்க. நான் கண்ணாடியில பார்ப்பேன். இன்னும் பத்தடி தூரம் இருக்கும்போது கிளப்பிடுவேன். நேரம் ஆச்சுன்னு கிளப்பினா பரவாயில்ல. சும்மா கிளப்புவேன். அவங்க நின்னு திட்டுறதைக் கண்ணாடியில பார்த்துச் சிரிப்பேன். ஒரு பொண்ணு மழையில ஓடி வந்தது, கையில ஃபைல், ஏதோ வேலைக்குக் கூப்பிட்டிருப்பாங்க போல. அது திட்டக்கூட இல்ல. ரோட்டுலயே நின்னு அழுதது. அதையும் பார்த்தேன். அன்னிக்கும் நிறுத்தல."

வாத்தியாருக்குக் கணக்குப் போடக் கை பரபரத்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை பேர்?"

"ரெண்டு பேராவது இருக்கும்."

"வருஷத்துக்கு முன்னூறு நாள் வேலை. முப்பது வருஷம். பதினெட்டாயிரம் பேர்" என்றார் வாத்தியார், ஏதோ பரிசு வாங்கப்போகிற மாதிரி.

"வாத்தியாரே, உங்களை யாராவது கேட்டாங்களா?" என்று அதட்டினேன்.

"இல்லம்மா, நல்லதுக்குத்தான் சொல்றேன். எங்கள்ல அதெல்லாம் காலாகாலத்துக்கும் கிடையாது. இருபத்தெட்டு நரகம் இருக்கு, தப்புக்குத் தகுந்த மாதிரி. அனுபவிச்சு முடிச்சதும் வெளிய விட்டு மறுபடியும் பொறக்க வெச்சிடுவாங்க."

"பஸ்ஸை நிறுத்தாதவனுக்கு எந்த நரகம்?"

"பழைய பட்டியல்ல இல்ல. புதுசா ஒண்ணு தெறந்திருப்பாங்க. நீங்க ஓடிக்கிட்டே இருக்கணும், முன்னால பஸ் போய்க்கிட்டே இருக்கும், டிரைவர் கண்ணாடியில பார்த்துச் சிரிச்சுக்கிட்டே இருப்பான்."

டிரைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. டெய்லர் தன் பங்குக்கு ஆரம்பித்தார். "எங்க பக்கம் ஏழு வாசல். மேல ஒரு பாலம், முடியை விட மெல்லிசு. தாண்டினவன் தப்பிச்சான், தவறினவன் விழுந்தான். விழுந்தவங்க தண்ணி தண்ணின்னு கத்துவாங்களாம். கொதிக்கிற தண்ணியத்தான் குடுப்பாங்களாம்."

மூன்று பேரும் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார்கள்.

"எவ்வளவு குடுப்பாங்க?" என்று வாத்தியார் மெதுவாகக் கேட்டார்.

"அங்கயும் அரை லிட்டர்தான்" என்றேன் நான். "நானே வந்து அளந்து ஊத்துவேன். போதும் பேச்சு. மூணு பேரும் கேளுங்க. புதன்கிழமை வரும்போது அவங்கவங்க பெரியவங்ககிட்ட கேட்டுட்டு வாங்க. ஒருத்தர் குடுத்த கிட்னி, வாங்கினவர் நரகத்துக்குப் போனா எங்க போகும்? பதில் இல்லாம வந்தா ஊசி எங்க குத்தணுமோ அங்க குத்துவேன்."

புதன்கிழமை மூன்று பேரும் நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். டெய்லரின் எடை ஒன்றரைக் கிலோதான் கூடியிருந்தது. நரகத்துத் தண்ணீரை நினைத்து நினைத்து வீட்டில் டம்ளரையே தொடவில்லையாம். பதினாறு வருடமாக நான் கத்தியதற்கு இப்படி ஒரு பலன் கிடைத்ததில்லை.

ஊசி ஏறி மெஷின் ஓடத் தொடங்கியதும் டெய்லரே முதலில் சொன்னார். "இமாம்கிட்ட கேட்டேன். ரொம்ப நேரம் தாடியைத் தடவினார். அப்புறம் சொன்னார், விரல் நுனி வரைக்கும் பழையபடி சேர்த்துடுற இறைவனுக்கு எந்தக் கிட்னி யாரோடதுன்னு தெரியாதாப்பா, அவங்கவங்களோடது அவங்கவங்ககிட்ட போய்ச் சேரும்னார். அதோட, நான் நரகத்துக்குத்தான் போவேன்னு அடிச்சுச் சொல்ற அதிகாரத்தை அந்த டிரைவருக்கு யார் குடுத்தாங்கன்னும் கேட்டார். நல்ல கேள்வி."

டிரைவர் யோசித்தார். "அப்போ அன்னிக்கு அது அவகிட்டயே திரும்பிப் போயிடும். நான் கிட்னி இல்லாம நிப்பேன். அங்க டயாலிசிஸ் இருக்குமா?"

"அதைக் கேக்க மறந்துட்டேன்" என்றார் டெய்லர், நிஜமான வருத்தத்தோடு.

வாத்தியாருக்குக் கிடைத்த பதில் வேறு. "குருக்கள் சொன்னார், எரிச்சப்புறம் கிட்னி ஏது, குடல் ஏது? அங்க வேற ஒரு உடம்பு குடுப்பாங்களாம், வேதனைப்படறதுக்குன்னே செஞ்ச உடம்பு. அதுல கிட்னி இருக்குமான்னு கேட்டேன். இருந்தா எத்தனைன்னு கேட்டேன். மனுஷன் என்னை வெளிய போகச் சொல்லிட்டார்."

"எங்களுக்குப் புதைக்கிறதுதானே" என்று டிரைவர் இழுத்தார். "நானும் ஃபாதர்கிட்ட போனேன். தீர்ப்புச் சொல்றது எங்க முதலாளியோட வேலை, அதுல நீ எதுக்குக் கையை வைக்கிறேன்னு திட்டினார். நரகத்துக்கும் மோட்சத்துக்கும் நடுவுல உத்தரிக்கிற ஸ்தலம் இருக்கு, கறையெல்லாம் போகக் கழுவி மேல அனுப்புற இடம், உனக்கு அது போதும்னார். எவ்வளவு நாள் கழுவுவாங்கன்னு கேட்டேன். அது கறையைப் பொறுத்ததுன்னார். பதினெட்டாயிரம்னு வாத்தியார் சொன்ன கணக்கைச் சொன்னேன். ஃபாதர் முகத்துல ஈயாடல."

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா உள்ளே வந்தார். அவர் பௌத்தர். மூன்று பேரும் விடவில்லை, அவரையும் இழுத்துப் போட்டுவிட்டார்கள். அவரும் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பொறுமையாகத்தான் கேட்டார்.

"எங்கள்ல நெருப்பு நரகமும் உண்டு, குளிர் நரகமும் உண்டு. ஆனா எதுவும் நிரந்தரம் இல்ல. என் உடம்பு, என் பொருள்னு பிடிச்சுக்கிட்டுத் தொங்குறதுதான் எல்லாக் கஷ்டத்துக்கும் வேர்."

"நான் எங்க டாக்டர் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறேன்? வேணாம்னுதானே சொல்றேன்" என்றார் டிரைவர்.

டாக்டர் தன் தொழிலுக்கே திரும்பிவிட்டார். "இதைக் கேளுங்க. கிட்னி ஒட்டினதுக்கப்புறம் உங்க ரத்தம் அதுல ஓடும். உங்க உடம்போட ஒண்ணாயிடும். அவங்களோடது, உங்களோடதுன்னு தனியாப் பிரிக்க முடியாது."

ஆறுதலாகத்தான் சொன்னார். டிரைவரின் முகமோ இன்னும் வெளிறிப்போனது. "பிரிக்கவே முடியாதா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கையெழுத்துப் பேச்சை எடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

பத்தரை மணிக்கு நான் வெளியே வந்தபோது வராண்டா பெஞ்சில் டிரைவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை. ஈரப் படுக்கை விரிப்புகளை முறுக்கி முறுக்கி இரும்பாகிப்போன கைகள். பக்கத்து வார்டு வரைக்கும் கேட்கிற குரல். அன்றைக்கு அந்தக் குரலே எழும்பவில்லை.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லுங்க. என் கிட்னின்னா அவருக்கு அருவருப்பா இருக்கா? நாப்பது வருஷமா நான் சமைச்சதைத்தான் சாப்பிடறார், நான் துவைச்சதைத்தான் போடறார். இதை மட்டும் வாங்க மாட்டேங்கறாரே. ஏன்னு கேட்டா முகத்தைத் திருப்பிக்கிறார். வெள்ளிக்கிழமையைத் தாண்டினா அவர் எனக்கு இல்லைன்னு எனக்குத் தெரியும் சிஸ்டர். தெரிஞ்சும் எப்படி சும்மா இருக்கிறது?"

இந்தம்மா மேல் உள்ள பாசத்தில் அந்த மனுஷன் வேண்டாம் என்கிறார், தன் மேல் பாசம் இல்லை என்று இந்தம்மா உருகுகிறார். இரண்டு பேரையும் பிடித்து ஒரு அறையில் போட்டுப் பூட்ட வேண்டும் போலிருந்தது.

"வெள்ளிக்கிழமை காலையில எட்டு மணிக்கு வாங்க. உள்ள கூட்டிட்டுப் போறேன்" என்றேன். மெஷின் ஓடும்போது உறவுக்காரர்களை உள்ளே விடக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. எழுதி ஒட்டியதே நான்தான்.

வெள்ளிக்கிழமை அந்தம்மா உள்ளே வந்ததும் டிரைவர் எழுந்திருக்கப் பார்த்தார். ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் பிரஷர் பார்க்கிற பட்டை. எங்கே ஓடுவார்?

"சொல்லுங்க" என்றேன். "உங்க வாயாலேயே சொல்லுங்க."

டிரைவர் திக்கித் திணறிச் சொன்னார். பஸ்ஸைச் சொன்னார், மழையில் அழுத பெண்ணைச் சொன்னார், கிட்னி வேகப்போவதைச் சொன்னார். விட்டுப்போன இடங்களை வாத்தியார் நிரப்பினார். இமாம் சொன்னதையும் டாக்டர் சொன்னதையும் டெய்லர் சேர்த்தார். எல்லாவற்றையும் அந்தம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"முடிஞ்சுதா?"

"ம்."

"இதுக்குத்தான் மூணு வாரமா என்னைத் தூங்க விடலையா?"

"உனக்கு வலிக்குமேன்னு..."

"வாயை மூடுங்க. இப்போ நான் பேசறேன். நீங்க நரகத்துக்குப் போறீங்க, சரி. நான் மேல போறேன், அதுவும் சரி. மேல போன நான் உங்களைத் தேட மாட்டேனா? தேடுவேன். எங்கய்யா என் வீட்டுக்காரர்னு கேப்பேன். அவங்க என்ன சொல்வாங்க? அம்மா, கல்யாணம் சாகிற வரைக்கும்தான், அது பூமியோட முடிஞ்சுது, போய் உக்காருங்கன்னுடுவாங்க. ஃபாதரும் அன்னிக்கு அப்படித்தான் சொல்லிக் கட்டி வெச்சார், சாகிற வரைக்கும்னு. அப்போ உங்களைக் கேக்க எனக்கு என்ன பாத்தியதை இருக்கு? ஒண்ணும் இல்ல. வெறுங்கையோட நிப்பேன்."

டிரைவர் வாயைத் திறந்தார். அந்தம்மா கையைக் காட்டினார், மூடிக்கொண்டார்.

"ஆனா என் கிட்னி உங்களுக்குள்ள இருந்தா அந்தப் பேச்சு நடக்குமா? என் உடம்புல ஒண்ணு கீழ இருக்கு, குடுங்கன்னு கேப்பேன். குடுக்காம இருக்க முடியுமா? அது என்னோடது, யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது. என் வாயைப் பத்தி உங்களுக்குத் தெரியும். விடிய விடியக் கத்துவேன். தாங்க முடியாம கீழ ஆள் அனுப்புவாங்க. வந்து பார்த்தா அது உங்களோட ஒட்டிக்கிட்டிருக்கும். தனியாப் பிரிக்க முடியாதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்களாமே? அப்புறம் என்ன பண்ணுவாங்க? ஆளோட சேர்த்துத்தான் மேல தூக்கணும். ஆள் அனுப்பலைன்னா நானே இறங்கி வந்துடுவேன். நெருப்பாவது ஒண்ணாவது. வருஷம் முழுக்க கொதிக்கிற தண்ணியில கையை விட்டுத் துவைக்கிறவ நான்."

டெய்லர் "யா அல்லாஹ்" என்றார். வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேறெங்கோ பார்த்தார்.

"என்னை விட்டுட்டுப் போறதுக்கு நீங்க வழி பார்க்கறீங்க" என்றார் அந்தம்மா. இப்போது குரல் உடைந்துவிட்டது. "நான் உங்களைப் பிடிச்சுக்கிறதுக்கு வழி பார்க்கறேன். அவ்வளவுதான்."

டிரைவர் அழுதார். குழந்தை மாதிரி குலுங்கிக் குலுங்கி அழுதார். கண்ணைத் துடைத்துக்கொள்ள இரண்டு கையும் இல்லை. அந்தம்மாவின் முந்தானை போய்த் துடைத்தது. "கையை ஆட்டாதீங்க, ஊசி நழுவிடும்" என்று நான் கத்தினேன், எனக்கும் கண் தெரியவில்லை. பிரஷர் பட்டையை அவிழ்த்துவிட்டுப் பேனாவைக் கொடுத்தேன். கோணல்மாணலாக ஒரு கையெழுத்து விழுந்தது. மணி எட்டு இருபது. காகிதத்தை எடுத்துக்கொண்டு நானே டாக்டரின் அறைக்கு ஓடினேன். இந்த ஆஸ்பத்திரியில் நான் ஓடி யாரும் பார்த்ததில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. வயிற்றைத் தைத்து முடிப்பதற்குள் சிறுநீர் சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்துவிட்டது என்று தியேட்டர் நர்ஸ் வந்து சொன்னபோது டெய்லரும் வாத்தியாரும் ஊசியோடு கை தட்டப் பார்த்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அந்தம்மா கண் விழித்ததும் முதலில் கேட்ட கேள்வி, "வேலை செய்யுதா?" என்பது.

நான்காம் நாள் ஷிஃப்ட் முடிந்து டிரைவரைப் பார்க்கப் போனேன். முகத்தில் வீக்கம் வற்றி வேறு ஆளாக இருந்தார். வலது அடிவயிற்றில் கட்டுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தார், பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி அவ்வளவு மெதுவாக.

"பயமெல்லாம் போச்சா?" என்று கேட்டேன்.

"பழைய பயம் போயிடுச்சு சிஸ்டர். இப்போ வேற பயம்."

"இன்னும் என்ன?"

"அவ சொன்னா செய்வா. நாப்பது வருஷமாப் பார்க்கறேன், சொன்னதை ஒண்ணுகூட அவ செய்யாம விட்டதில்ல. நான் கீழ போனா அவ நெஜமாவே இறங்கி வந்துடுவா. அந்த நெருப்புக்குள்ள அவ வந்து நிக்கிறதை என்னால பார்க்க முடியாது சிஸ்டர். அதனால நான் மேலதான் போயாகணும், வேற வழியே இல்ல. ஃபாதர்கிட்ட கொஞ்சம் சொல்லி வைங்க. எழுந்து நடக்க ஆரம்பிச்சதும் முதல் ஆளா வர்றேன். என்னென்ன பண்ணணும்னு அவர் ஒண்ணு விடாம சொல்லட்டும்."